சாலை முடிகிற ஊர்

அலாஸ்காவுக்கு ஆர்.வி. எடுத்துக்கொண்டு போகத் திட்டம் போடுகிறவர்கள் வால்டீஸ் என்ற பெயரிடம் வந்ததும் கொஞ்சம் தயங்குவார்கள். ஆங்கரேஜிலிருந்து சுமார் 490 கிலோமீட்டர். வழியில் இருக்கிற ஊராக இருந்தால் ஒரு ராத்திரி தங்கிவிட்டு மேலே போகலாம். இங்கே மேலே போக இடமில்லை. சாலை கடலில் போய் முடிகிறது, திரும்ப அதே வழிதான். ஜனத்தொகை நாலாயிரம். போய்ச் சேர்ந்ததும் கண்ணில் படுவது நேர்கோட்டுத் தெருக்களும், தட்டையான சாதாரணக் கட்டடங்களும், அங்கங்கே காலி மனைகளும். நூறு வருஷத்து மரக் கடைத்தெருவோ, மலைச்சரிவில் வண்ணம் பூசிய வீடுகளோ கிடையாது. “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று மறுநாள் காலையே வண்டியைத் திருப்புகிறவர்கள் உண்டு.

அப்படித் திருப்பக்கூடாது, மூன்று ராத்திரியாவது தங்க வேண்டும் என்பது என் கட்சி. வால்டீஸ் பார்த்தவுடன் பிடித்துப்போகிற ஊர் இல்லை. அது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தால்தான் ரசிக்கும். அலாஸ்காவை இன்றைய அலாஸ்காவாக ஆக்கிய தங்கம், நிலநடுக்கம், எண்ணெய், மீன், பனியாறு எல்லாம் இந்த ஒரே குடாவைச் சுற்றி, வண்டியில் அரைமணி நேரத் தொலைவுக்குள் கிடக்கின்றன.

முதலில் வண்டி. ஆர்.வி. என்பது படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்துக் கட்டிய வாகனம். ஓட்டுகிற இடமும் வீடும் ஒன்றாக இருப்பது மோட்டார் ஹோம். பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துப் போவது டிரெய்லர். சொந்த வண்டியோடு கனடாவுக்குள் புகுந்து, டாசன் கிரீக்கில் தொடங்கும் அலாஸ்கா நெடுஞ்சாலையில் 2,200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வரும் ஓய்வுபெற்ற தம்பதிகள் ஒரு ரகம். 1942இல், போர்க்காலத்தில், அமெரிக்க ராணுவம் அவசரமாகப் போட்ட சாலை அது. ஆங்கரேஜில் விமானத்தை விட்டு இறங்கி, வாடகைக்கு எடுத்துக் கிளம்புகிறவர்கள் இன்னொரு ரகம். டெக்சஸிலோ கலிஃபோர்னியாவிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போகிற தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம். கையோடு அடுப்பு வருவதால் ரசம் சாதத்துக்குக் கவலையில்லை. வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் சரளைக்கல் சாலைகளுக்குத் தடை இருக்கும். வால்டீஸ் வரை முழுக்கத் தார்ச்சாலை என்பதால் அந்தச் சிக்கலும் இல்லை. மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரைதான் காலம். அதற்கு வெளியே முகாம்கள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும்.

ஆங்கரேஜிலிருந்து கிளென் நெடுஞ்சாலையில் கிளெனாலன் வரை 300 கிலோமீட்டர். வழியில் மாட்டனுஸ்கா பனியாறு சாலையிலிருந்தே தெரியும். கிளெனாலனில் எரிபொருளை நிரப்பிக்கொண்டு, தெற்கே திரும்பி ரிச்சர்ட்சன் நெடுஞ்சாலையைப் பிடித்தால் இன்னும் 190 கிலோமீட்டர். வானம் தெளிந்திருந்தால் இடது பக்கம் ராங்கல் மலைத்தொடர் கூடவே வரும். சான்ஃபர்டு, டிரம், ராங்கல், பிளாக்பர்ன் என்று வரிசையாக எரிமலைகள். சான்ஃபர்டும் பிளாக்பர்னும் 16,000 அடிக்கு மேல். அமெரிக்காவின் மிகப் பெரிய தேசியப் பூங்காவான ராங்கல்-செயின்ட் இலையாஸ் அந்தப் பக்கம்தான். அதன் வரவேற்பு மையம் காப்பர் சென்டர் அருகே சாலையை ஒட்டியே இருக்கிறது. காலை நீட்ட நல்ல இடம்.

இந்தப் பகுதியில் சாலை திடீர் திடீரென்று அலைபோல் ஏறி இறங்கும். அடியிலிருக்கும் மண்ணின் ஈரம் குளிர்காலத்தில் உறைந்து உப்பும், கோடையில் இளகி அமுங்கும். பல வருஷம் இப்படி நடந்து நடந்து தார் நெளிந்துவிடுகிறது. காரில் போகிறவருக்கு ஒரு குலுக்கல். ஆர்.வி.யிலோ பின்சக்கரத்துக்கு அப்பால் வண்டியின் வால் நீண்டிருக்கும் என்பதால், வேகமாக இறங்கினால் வால் தரையில் இடிக்கும். உள்ளே அலமாரி திறந்து மளிகை முழுக்கத் தரைக்கு வரும். மணிக்கு 70 கிலோமீட்டருக்குக் கீழே போனால் யாரும் ஏதும் சொல்லமாட்டார்கள். ஆனால் பின்னால் ஐந்து வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது அலாஸ்காவில் சட்டம்.

கடைசி ஐம்பது கிலோமீட்டரை ஓட்டித் தீர்த்துவிடக் கூடாது. முதலில் வொர்திங்டன் பனியாறு வரும். பெரிய வண்டியும் தாராளமாக நிற்கக்கூடிய வாகன நிறுத்தம் இருக்கிறது. அங்கிருந்தே பனிநாக்கு மலையை விட்டு இறங்குவது தெரியும், வயதானவர்களையும் மெல்ல நடத்திக் கூட்டிப்போகலாம். அடுத்தது தாம்சன் கணவாய். உயரம் என்னவோ 2,700 அடிக்கும் குறைவு, ஏற்காட்டில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனால் அலாஸ்காவில் இதைவிட அதிகப் பனி விழுந்ததாகப் பதிவான இடம் வேறு இல்லை. 1952-53 குளிர்காலத்தில் மட்டும் 974.5 அங்குலம், அதாவது ஏறக்குறைய 25 மீட்டர். காரணம் எளிது. பசிபிக்கிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் காற்று, கடலை விட்டதும் நேரே சுகாச் மலைச்சுவரில் மோதுகிறது. மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து சுமையை அங்கேயே கொட்டிவிடுகிறது. சாலையோரத்தில் வரிசையாக நிற்கும் நெட்டைக் கம்பங்கள், பனி மூடிக் கிடக்கும்போது சாலை எங்கே என்று பனி அள்ளும் வண்டிக்காரருக்குக் காட்டுவதற்கு. ஜூலையில் பார்க்கிறவருக்கு அந்த உயரம் மிகையாகத் தோன்றும். மிகையில்லை.

கணவாயிலிருந்து கடல்மட்டத்துக்கு இறக்கம் நீளமானது. இங்கே பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு வந்துவிட வேண்டும். வேகத்தை எஞ்சின் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை விட்டுவிட்டுத் தொட்டால் போதும். நம்மூர்க் கொண்டைஊசி வளைவுகளில் ஓட்டியவருக்கு இது புதிதில்லை. ஐந்து டன் வீட்டோடு இறங்குவது மட்டும்தான் புதிது.

அடிவாரத்தில் கீஸ்டோன் பள்ளத்தாக்கு. லோ ஆற்றை ஒட்டிச் செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே சாலை நுழைகிறது. ‘பிரைடல் வெயில்’, ‘ஹார்ஸ்டெயில்’ என்ற இரண்டு அருவிகள் சாலையோரத்திலேயே விழுகின்றன. குற்றாலம் போலக் குளிக்கிற அருவிகள் இல்லை, பனி உருகிய தண்ணீர். அதே பள்ளத்தாக்கில் பாறையில் கையால் குடைந்த ஒரு ரயில் சுரங்கம் பாதியில் நிற்கிறது. உள்நாட்டில் செம்பு கண்டுபிடிக்கப்பட்ட காலத்தில், கடற்கரையிலிருந்து அங்கே தண்டவாளம் போட ஒன்பது நிறுவனங்கள் போட்டியிட்டன. 1907இல் சண்டை துப்பாக்கிச்சூடு வரை போனது. கடைசியில் ரயில் பாதை வேறொரு துறைமுகமான கார்டோவாவிலிருந்து போனது. வால்டீசுக்கு இன்றுவரை ரயில் இல்லை.

ஏமாந்த கதை வால்டீசுக்கு அதற்கு முன்பும் உண்டு. 1898இல் கனடாவின் குளோண்டைக்கில் தங்க வேட்டை உச்சத்தில் இருந்தது. கனடாவின் சுங்கத்துக்கும் கெடுபிடிக்கும் தப்பி, முழுக்க அமெரிக்க மண்ணிலேயே போக ஒரு வழி இருக்கிறது என்று விளம்பரம் கிளம்பியது. அதை நம்பி நாலாயிரம் பேர் போல இந்தக் குடாவில் வந்து இறங்கினார்கள். வழி என்று சொல்லப்பட்டது வால்டீஸ் பனியாறு. மூட்டைகளைச் சறுக்குப் பலகையில் இழுத்துக்கொண்டு பனிப்பிளவுகளைத் தாண்ட வேண்டும். பனியின் கூச்சத்தில் கண் பார்வை போனவர்கள், காய்கறி காணாமல் ஸ்கர்வி வந்தவர்கள், பாதியில் திரும்பியவர்கள்தான் அதிகம். அடுத்த வருஷம் வந்த ராணுவ அதிகாரி ஆபர்கிராம்பி, பனியாற்றைத் தவிர்த்துக் கீஸ்டோன் வழியாக ஒரு தடம் வெட்டத் தொடங்கினார். இப்போது நாம் ஆர்.வி. ஓட்டிவந்த ரிச்சர்ட்சன் நெடுஞ்சாலை அந்தத் தடத்தின் வாரிசு. நடையிலும் நாய் வண்டியிலும் தொடங்கியது, ஃபேர்பேங்க்ஸ் வரை போகும் சாலையாக வளர்ந்தது.

இந்தச் சாலையின் மைல்கற்களைக் கவனித்து ஓட்டினால் ஊருக்கு முன்னால் ஒரு குழப்பம் வரும். பூஜ்ய மைல் ஊரில் இல்லை. ஊருக்கு 4 மைல் இங்காலே, புல்லும் புதரும் மண்டிய ஒரு கடற்கரையில் இருக்கிறது. அங்கேதான் பழைய வால்டீஸ் இருந்தது.

1964 மார்ச் 27, புனித வெள்ளி, மாலை 5.36. ரிக்டர் காலத்திலிருந்து இதுவரை பதிவான நிலநடுக்கங்களில் இரண்டாவது பெரியது, 9.2 அளவு. நாலரை நிமிஷம் ஆடியது. பழைய ஊர் நின்றது பாறை மீதில்லை. பனியாற்று ஓடைகள் காலகாலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல், மணல், சரளை மீது. தண்ணீர் ஊறிய அந்த மண் ஆட்டத்தில் உறுதியிழந்தது. கரையின் ஒரு பெரிய துண்டு, ஏறக்குறைய 1,200 மீட்டர் நீளமும் 180 மீட்டர் அகலமும், அப்படியே கடலுக்கடியில் சரிந்தது. அதன் மேலிருந்த துறைமுகமும் சேர்ந்து போனது. அப்போது ‘சீனா’ என்ற சரக்குக் கப்பல் சரக்கிறக்கிக்கொண்டிருந்தது. கப்பல் வந்தால் வேடிக்கை பார்க்க ஊர் கூடுவது வழக்கம், பிள்ளைகளும் இருந்தார்கள். முப்பது பேருக்கு மேல் அங்கேயே போனார்கள். கப்பல் தூக்கி எறியப்பட்டுத் தரைதட்டி, எப்படியோ கடலுக்குத் தப்பியது.

2004இல் சுமத்ராவிலிருந்து அலை நாகப்பட்டினத்துக்கு வந்து சேர இரண்டு மணி நேரம் போல ஆனது. எச்சரிக்கை இருந்திருந்தால் ஓடியிருக்கலாம் என்று நாம் இன்றும் பேசுகிறோம். வால்டீஸில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அலையைக் கிளப்பிய சரிவு ஊரின் காலடியிலேயே நடந்தது. நிலம் ஆடிக்கொண்டிருக்கும்போதே அலை வந்துவிட்டது. அதனால்தான் இப்போது அலாஸ்காக் கடற்கரையில் சொல்லிக்கொடுப்பது இது: சைரனுக்குக் காத்திருக்காதே, ஆட்டம் பலமாக இருந்தால், நீளமாக இருந்தால், நின்றவுடன் மேட்டுக்கு ஓடு. ஊரில் எங்கே தங்கினாலும், சுனாமி வெளியேற்ற வழி எந்தப் பக்கம் என்பதை அங்கங்கே இருக்கும் அறிவிப்புப் பலகையில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. 1964இன் அதே நாளில், இதே கடற்பகுதியில் இருந்த செனீகா என்ற பூர்வகுடிக் கிராமம் மூன்றில் ஒரு பங்கு மக்களை இழந்தது.

பழைய வால்டீஸ் இருந்த மண்ணில் இனி ஊர் நிற்காது என்று நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். நல்ல அடித்தளம் உள்ள இடம் 4 மைல் தள்ளிக் கிடைத்தது. 1967க்குள் ஊர் நகர்ந்தது. ஐம்பது சொச்சம் கட்டடங்கள் பெயர்த்து எடுத்துப்போகப்பட்டன; மிச்சத்தைக் கொளுத்திவிட்டார்கள். அதே 1964இன் டிசம்பரில் புயல் அடித்த தனுஷ்கோடி இன்றுவரை மறுபடி ஊராகவில்லை. வால்டீஸ் மக்கள் பெயரையும் எடுத்துக்கொண்டு இடம் மாறினார்கள்.

ஊருக்குள் பழமை தென்படாததன் காரணம் இதுதான். 1960களில் ஒரே மூச்சில், வரைபடத்தில் கோடு போட்டுக் கட்டிய ஊர் வேறு எப்படி இருக்கும்? காலி மனைகளுக்கும் காரணம் உண்டு: கடல்மட்டத்திலேயே வருஷத்துக்குச் சராசரியாக 300 அங்குலம் போலப் பனி விழுகிற ஊரில், தெருவிலிருந்து வழித்த பனியைக் குவிக்க இடம் வேண்டாமா? ஊரின் அருங்காட்சியகம் இரண்டு கட்டடங்களில் இருக்கிறது. அவசரப்படுகிறவர்கள் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டாவதில் பழைய ஊரை வீடு வீடாக, கடை கடையாகச் சிறிய அளவில் செய்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பழைய ஊர் இருந்த கடற்கரைக்குப் போய் நின்றால், எது எங்கே இருந்தது என்று கையால் காட்டலாம். தபால் நிலையத்தின் அடித்தளம் மட்டும் மிச்சம் இருக்கிறது.

குடாவின் எதிர்க்கரையில் எண்ணெய்த் தொட்டிகள் வரிசையாகத் தெரியும். அலாஸ்கா எண்ணெய்க் குழாயின் முடிவிடம். வடகோடியில் ப்ரூடோ விரிகுடாவில் எடுக்கும் எண்ணெய், 800 மைல் கடந்து இங்கே வந்து கப்பல் ஏறுகிறது. ஆர்க்டிக் கடல் குளிரில் உறைந்துவிடும். அமெரிக்காவின் உறையாத துறைமுகங்களில் வடக்கே கடைசி வால்டீஸ் என்பதால் இந்த இடம். குழாயின் விட்டம் 4 அடி. பாதிக்கு மேல் தூரம் அது தரைக்கு மேலே தூண்களில் போகிறது. சூடான எண்ணெய் ஓடும் குழாயை நிரந்தரமாக உறைந்த மண்ணில் புதைத்தால் மண் இளகி, குழாய் தொய்ந்துவிடும். 1977 ஜூலை 28 அன்று முதல் எண்ணெய் வந்து சேர்ந்தது. 1988இல் நாளொன்றுக்கு 20 லட்சம் பீப்பாய் வரை ஓடியது. இப்போது அதில் கால் பங்கு அளவுதான். முடிவிடத்துக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. எதிர்க்கரைக்குப் போகும் டேவில் சாலையின் முடிவில் வாயிற்கதவோடு திரும்பிவிட வேண்டியதுதான்.

எண்ணெய் என்றாலே 1989 நினைவுக்கு வரும். உலகத்துக்கு இந்த ஊர்ப் பெயர் தெரிந்ததே, ஊர்ப் பெயரைத் தாங்கிய எக்ஸான் வால்டீஸ் என்ற கப்பலால்தான். மார்ச் 24, அதுவும் புனித வெள்ளி, நள்ளிரவு தாண்டிய நேரம். எண்ணெய் நிரப்பிக்கொண்டு கிளம்பிய கப்பல் பிளை பாறைத் திட்டில் ஏறி, ஏறக்குறைய 1.1 கோடி காலன் எண்ணெயைக் கடலில் விட்டது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கரை கறுத்தது. காற்றும் நீரோட்டமும் எண்ணெயைத் தென்மேற்கே தள்ளிக்கொண்டு போனதால், பெயருக்குரிய ஊரின் கரை மட்டும் தப்பியது. துப்புரவுப் பணிக்கு வந்தவர்களாலும் நிருபர்களாலும் ஊர் நிரம்பி வழிந்ததுதான் அங்கே மிச்சம்.

கப்பல் ஏன் பாறைக்குப் போனது? மாலுமிகளின் பிழைகள் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. தொடக்கக் காரணம் மட்டும் பலருக்கு மறந்துபோய்விடுகிறது. கப்பல் வழியில் பனிக்கட்டிகள் மிதந்தன. அவற்றுக்கு விலகவே கப்பல் தன் தடத்தை விட்டு வெளியே வந்தது. உரிய நேரத்தில் திரும்பி உள்ளே போகவில்லை. அந்தப் பனிக்கட்டிகளை அனுப்பியது கொலம்பியா பனியாறு. வால்டீஸில் இருந்து படகில் ஏறி நாம் பார்க்கப்போவதும் அதையேதான்.

காசு செலவழித்துச் செய்யவேண்டியது இந்த ஊரில் ஒன்றே ஒன்று என்றால் இந்தப் படகுப் பயணத்தைச் சொல்வேன். ஆறு மணி நேரம் போல ஆகும். கடல் நீர்நாய்கள் மல்லாந்து மிதக்கும், பாறைகளில் கடற்சிங்கங்கள் சண்டையிடும், பஃபின் பறவைகள் லேசில் பறக்க முடியாமல் தண்ணீரில் தட்டுத் தடுமாறி எழும்பும். திமிங்கிலம் அதிர்ஷ்டம். பனியாற்றின் கதை இது: 1794இல் கடலோடி வான்கூவரின் ஆட்கள் குறித்து வைத்த காலம் முதல் 1980 வரை அதன் முகம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது. தானே தள்ளிக் கொண்டுவந்து குவித்த கல் மேட்டின் மேல் முட்டுக்கொடுத்து நின்றது. அந்த மேட்டுக்குப் பின்னால் ஆழமான கடல். பனி மெலிந்து, மேட்டிலிருந்து முகம் பின்வாங்கியதும் ஆழமான தண்ணீரில் அதைத் தாங்க ஒன்றும் இல்லை. உடைந்து உடைந்து விழத் தொடங்கியது. அன்றிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. பூமி சூடாவது தொடக்கித் தள்ளிவிட்டிருக்கலாம். பிறகு இந்த வேகத்தில் போனது இந்த ஆழக் கணக்கால். உடைந்த துண்டுகள் எவ்வளவு நெருக்கமாக மிதக்கின்றன என்பதைப் பொறுத்துப் படகு கிட்டேயோ தூரத்திலேயோ நிற்கும். அதை முன்கூட்டியே யாராலும் உறுதி சொல்ல முடியாது. இப்போது இந்தக் கடற்பகுதியில் எண்ணெய் ஏற்றிய ஒவ்வொரு கப்பலுக்கும் இரட்டை உடற்சுவரும், துணைக்கு இரண்டு இழுவைக் கப்பலும் கட்டாயம். படகிலிருந்து அந்த ஊர்வலத்தையும் பார்க்க வாய்ப்புண்டு.

படகுக்குச் செலவழிக்க மனமில்லாதவர்கள் டேவில் சாலைக்குப் போகட்டும். காசில்லாத காட்சிகளில் அலாஸ்காவில் இதற்கு ஈடு குறைவு. குடாவின் எதிர்க்கரையோரம் போகும் அந்தச் சாலையில் சாலமன் கல்ச் மீன் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. பிங்க் சால்மன் குஞ்சுகளைக் கோடிக்கணக்கில் வளர்த்துக் கடலில் விடுகிறார்கள். பிங்க் சால்மனின் ஆயுள் இரண்டே வருஷம். கடலில் தின்று பெருத்து, பிறந்த தண்ணீரின் வாசனையைப் பிடித்து அதே இடத்துக்குத் திரும்பி, முட்டையிட்டுச் செத்துப்போகும். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை அவை திரும்பும்போது பொரிப்பகத்தின் தடுப்பணைக்குக் கீழே தண்ணீர் தெரியாது, மீன் முதுகுதான் தெரியும். கடற்சிங்கங்கள் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். மேலே வெண்தலைக் கழுகும் கடற்காகமும். பதுங்கிப் பதுங்கிக் கரடி வரும். செத்த மீனின் நாற்றம் ஆகஸ்டில் பலமாகவே இருக்கும். மூக்குச் சுளிப்பவர்கள் ஜூலையில் போகலாம்.

கரடி விஷயத்தில் விளையாட்டுக் கூடாது. கருங்கரடியும் பழுப்புக் கரடியும் இரண்டும் இந்தச் சாலைக்கு வருகின்றன. நல்ல படத்துக்காக வண்டியை விட்டு இறங்கி நெருங்குகிறவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள். வண்டிக்குள் இருந்தே பாருங்கள், எடுங்கள். வண்டி நிறுத்திய இடத்தில் மீன் கழுவிய தண்ணீர், குளிர்ப்பெட்டி, குப்பை எதையும் ராத்திரி வெளியே வைக்கக்கூடாது. கரடியை ஈர்க்கும்படி உணவை விட்டுவைப்பது அங்கே குற்றம். மீன் குழம்புச் சட்டியை ஊறவைத்து வெளியே கவிழ்க்கும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

டேவில் சாலையோரத்திலேயே கரையில் நின்று தூண்டில் போடலாம். பிங்க் சால்மன் ஜூலையில். அதைவிட ருசியான சில்வர் சால்மன் ஆகஸ்ட், செப்டம்பரில். வெளிமாநிலத்தவர், வெளிநாட்டவர் பதினாறு வயது நிரம்பிய எல்லோரும் உரிமம் வாங்க வேண்டும். ஒரு நாளைக்கென்றும் கிடைக்கும். நம் வஞ்சிரத்துக்குப் பழகிய நாக்குக்குப் பிங்க் கொஞ்சம் சப்பென்று இருக்கும். மிளகாய்த்தூள் தடவி வறுத்தால் குறையில்லை. சில்வர் கிடைத்தால் அதற்கு உப்பும் எலுமிச்சையுமே போதும்.

தங்குவது எங்கே? ஊருக்குள் படகுத்துறையை ஒட்டியே ஆர்.வி. முகாம்கள் இருக்கின்றன. சரளை கொட்டிய மைதானம், அடுத்த வண்டியின் ஜன்னல் கை எட்டும் தூரம். இயற்கை எழில் தேடுகிறவர்களுக்கு முகம் சுருங்கும். ஆனால் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றும் இணைத்துக்கொள்ளலாம். கடை, துறை, அருங்காட்சியகம் எல்லாம் நடை தூரம். வண்டியை மூன்று நாள் அசைக்க வேண்டாம். எழில் வேண்டுமானால் தாம்சன் கணவாய் அருகே புளூபெர்ரி ஏரிக் கரையில் மாநில முகாம் இருக்கிறது. இணைப்பு எதுவும் கிடையாது, இடங்களும் கொஞ்சம். ஒரு ராத்திரி அங்கே, இரண்டு ராத்திரி ஊரில் என்று பிரித்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

புதிதாக ஆர்.வி. எடுத்தவர்களுக்கு இரண்டு விஷயம். வண்டியில் இரண்டு கழிவுத் தொட்டி இருக்கும்: சமையல், குளியல் தண்ணீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. காலி செய்யும்போது கழிவறைத் தொட்டியை முதலில் திறக்க வேண்டும். பிறகு மற்றதைத் திறந்தால் அந்தத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். அடுத்தது மின்சாரம். 30 ஆம்ப் இணைப்பில் ரைஸ் குக்கர், மைக்ரோவேவ், ஹீட்டர் மூன்றையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும். ஒன்றன்பின் ஒன்றாக. ராத்திரிச் சூட்டுக்கு புரொப்பேன் இருக்கிறது. ஜூலையிலும் அது தேவைப்படும்.

மழைக்குத் தயாராகப் போக வேண்டும். கோடையில் பகல் வெப்பம் 16 டிகிரியைச் சுற்றியே நிற்கும். மலைகள் இரண்டு நாள் மேகத்துக்குள் ஒளிந்துகொண்டு மூன்றாம் நாள் முழுசாக வெளிவரும். மூன்று ராத்திரி என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் காரணம். ஜூனில் பகல் 19 மணி நேரம் நீளும், அதன்பின் இருப்பதும் முழு இருட்டில்லை. ஜன்னலுக்குக் கனத்த திரை வேண்டும். ஊர்த் தெருக்களில் வீட்டு முயல்கள் கூட்டம் கூட்டமாகத் திரிவதைப் பார்த்துக் குழந்தைகள் வண்டிக்குள் வர மறுக்கும். யாரோ வளர்த்துவிட்டவை பெருகிக் காட்டு முயல்போல ஆகிவிட்டன.

திரும்புவதற்கு அதே சாலைதான் என்று தொடக்கத்தில் சொன்னேன். ஒரு விலக்கு இருக்கிறது. மாநில அரசின் கப்பல் சேவை வால்டீஸிலிருந்து ஆங்கரேஜ் பக்கத்துத் துறைமுகமான விட்டியருக்கு ஆர்.வி.யையும் ஏற்றிப்போகிறது. ஆறு மணி நேரப் பயணம். கட்டணம் வண்டியின் நீளத்தைப் பொறுத்தது என்பதால் பெரிய மோட்டார் ஹோமுக்குச் செலவு கனக்கும். ஆனால் அந்த 490 கிலோமீட்டரில் பெரும்பகுதிக்கான எரிபொருளும் ஓட்டமும் மிச்சம். எல்லா நாளும் ஓடாது. கோடைக்கு மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும். ஏறுமுன் புரொப்பேன் வால்வை மூட வேண்டும். கப்பல் ஓடும்போது வண்டிக்குள் இருக்க விடமாட்டார்கள், அதனால் மேலே கொண்டுபோக வேண்டியதை முன்பே ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். விட்டியரில் இறங்கியதும் நாலு கிலோமீட்டர் நீளமுள்ள ஒருவழிச் சுரங்கம். ரயிலும் அதே தடத்தில்தான் போகும், தண்டவாளத்தின் மேலேயே வண்டியை ஓட்ட வேண்டும். ஆங்கரேஜ் பக்கம் போகிறவர்களுக்கு மணிக்கு ஒருமுறை, மணி அடித்ததும் திறப்பார்கள், ராத்திரியில் மூடிவிடுவார்கள். சுங்கம் விட்டியருக்குள் நுழைகிறவர்களிடம் மட்டும்தான் வசூல். வெளியேறும் திசைக்கு இலவசம்.